தேடினால் வராது, தோண்டினால் வரும்

"கூகுள்ல அடிச்சுப் பார்த்தன் சேர், ஒண்டுமே வரல்ல."

பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வு எழுதும் பிள்ளைகள் என்னிடம் வந்தால் முதலில் சொல்வது இதைத்தான். தலைப்பு படுவான்கரைக் குளமாக இருக்கலாம், வடமோடிக் கூத்தாக இருக்கலாம், வாழைச்சேனைக் கடதாசி ஆலையாகவும் இருக்கலாம். சொல்லும் வசனம் மாறாது. அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை, அடித்தால் வராதுதான். ஆனால் மட்டக்களப்பையும் அம்பாறையையும் பற்றி எழுதப்பட்டவை இணையத்தில் எக்கச்சக்கமாகக் கிடக்கின்றன. அவை கிடக்கிற விதத்தில்தான் சிக்கல்.

நான் ஆராய்ச்சியாளன் அல்ல. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன். ஓய்ந்த நேரங்களில் கூத்துக் கொப்பிகளையும் கண்ணகி கோயில் சடங்குப் பாடல்களையும் தேடிக்கொண்டு மட்டக்களப்பு வாவியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக அலைகிறவன். இந்த அலைச்சலில் கைக்கு வந்த மென்பொருள்களிலும் இணையத்தளங்களிலும் பாதிக்கு மேல் பெயர்கூட ஞாபகம் இல்லை. நின்று பிடித்தவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாமினியை விட்டுவிட்டு இந்தக் கதையைத் தொடங்க முடியாது. இலங்கையில் தமிழில் கொம்பியூட்டர் தட்டிய ஒரு தலைமுறையே பாமினி எழுத்துருவில் வளர்ந்தது. கோயில் மலர், பாடசாலை மலர், கவிதைத் தொகுதி, கலியாணக் காட், மரண அறிவித்தல் எல்லாமே அதில்தான். அதில் இருக்கும் தந்திரம் இதுதான்: திரையில் தெரிவது தமிழ், உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. "அம்மா" என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அரைப்புள்ளிதான் அங்கே மெய்யெழுத்தின் குற்று. எழுத்துரு என்ற சட்டையைக் கழற்றினால் வாசிக்க முடியாத ஆங்கிலக் குப்பைதான் மிஞ்சும். கூகுள் பார்ப்பது அந்தக் குப்பையை. பிறகு எப்படி மட்டக்களப்பு என்று தேடினால் மட்டக்களப்பு வரும்?

அதனால் பாமினியில் செய்த பிடிஎஃப் ஒன்று கையில் கிடைத்தால், தேட வேண்டிய சொல்லை யுனிகோட் தமிழில் (இப்போது போனிலும் இணையத்திலும் எல்லாரும் பாவிக்கும் பொதுக் குறியீட்டில்) அடித்து, எழுத்துருமாற்றி ஒன்றில் போட்டு பாமினிக்கு மாற்றி, வரும் ஆங்கிலக் கோவையை அந்தப் பிடிஎஃப்பின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். பல கோப்புகளில் சட்டென்று போய் நிற்கும். சுரதா யாழ்வாணன் செய்த பொங்குதமிழ் மாற்றியை நான் அந்தக் காலத்திலிருந்து பாவித்து வந்தேன். இப்போது இதே வேலையைச் செய்யும் தளங்கள் நிறைய இருக்கின்றன, எதுவானாலும் சரி. இந்த ஒரு விசயத்தைக் காட்டிக் கொடுத்ததற்காகவே எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்த பிள்ளைகள் உண்டு.

யுனிகோட் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. வின்டோஸ் 2000இலேயே தமிழுக்கு லதா எழுத்துரு வந்துவிட்டது. ஆனால் எக்ஸ்பியில் அதை ஒழுங்காகப் பார்க்க, மொழி அமைப்புக்குள் போய் சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற பெட்டியில் சரி போட வேண்டும். போட்டால் வின்டோஸ் சீடியைக் கேட்கும். நெட் கபேயில் யார் சீடி தருவார்கள்? அதனால் ஊரில் பலருக்கு யுனிகோட் என்றால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிகிற ஒன்றாகத்தான் இருந்தது. தமிழ் தட்டும் மென்பொருள்களான எ-கலப்பையும் என்எச்எம் ரைட்டரும் வந்த பிறகே ஆட்கள் மாறத் தொடங்கினார்கள். என்எச்எம்மில் பாமினி விசைப்பலகை இருந்தது பெரிய உதவி. விரல் பழக்கத்தை மாற்றாமலே யுனிகோட்டில் அடிக்கலாம். ரைப்செட்டிங் கடைக்காரர்களை இந்தப் பக்கம் இழுத்துவந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

யுனிகோட்டுக்குள்ளும் ஒரு பொல்லாத இடம் இருக்கிறது. கோயில் ஆய்வு செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. கோயில் பெயர்களில் முக்கால்வாசி "ஸ்ரீ" என்று தொடங்கும். அந்த எழுத்தை இரண்டு விதமாக அடிக்கலாம். ஒன்று ஸகரத்தை வைத்து, மற்றது 2005இல் யுனிகோட்டில் சேர்க்கப்பட்ட ஶகரத்தை வைத்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கொம்பியூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. ஒன்றைப் போட்டுத் தேடி வராவிட்டால் கோயிலே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்ரீயை வெட்டி எறிந்துவிட்டு மிச்சப் பெயரை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

அடுத்தது நூலகம். பழைய நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்க 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டத்தை ஈழத்துத் தமிழில் ஏதாவது தேடுகிற எல்லாருக்கும் பெயரளவிலாவது தெரியும். அதற்கும் முன்னால், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருந்தது. சங்க இலக்கியம் வேண்டுமென்றால் அங்கே போவோம். நம்மூர்ச் சாமான் வேண்டுமென்றால் நூலகம்தான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அந்த நெருப்பைப் பார்த்த சமூகம் பழைய கடதாசியை ஸ்கேன் செய்து வைப்பதில் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் பிள்ளைகள் நூலகத்தைப் பாவிக்கிற முறையைப் பார்த்தால் எனக்குக் கவலை வரும். தேடல் பெட்டியில் தங்கள் ஆய்வுத் தலைப்பை முழுசாக அடிப்பார்கள். ஒன்றும் வராது. அந்தத் தளத்தில் பெரும்பாலான பக்கங்கள் படங்கள், படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் பார்க்காது. ஆனால் சஞ்சிகைகளுக்கும் மலர்களுக்கும் அங்கே உள்ளடக்கப் பட்டியலைக் கையால் தட்டிப் போட்டிருக்கிறார்கள். கட்டுரைத் தலைப்பும் எழுதியவர் பெயரும் யுனிகோட்டில் இருக்கும். யாரோ ஒருவர் இருந்து தட்டிய அந்தப் பட்டியல்தான் திறப்பு. கூகுளில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் நூலகத்தின் முகவரியைக் கொடுத்து, அதன் பிறகு ஊர்ப் பெயரையோ ஆள் பெயரையோ போடுங்கள். ஆரையம்பதி, களுதாவளை, தம்பிலுவில், காரைதீவு என்று ஊர் ஊராகப் போட்டுப் பாருங்கள். மல்லிகை இதழின் ஒரு மூலையில் யாரோ எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு, செங்கதிர் சஞ்சிகையில் வந்த ஒரு நேர்காணல் எல்லாம் இப்படித்தான் மேலே வரும்.

பாடசாலை மலர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அது எனக்குப் பெரிய மனக்குறை. மட்டக்களப்பில் மெதடிஸ்த மத்திய கல்லூரியின் கதை 1814இல் தொடங்குகிறது. புனித மிக்கேல் கல்லூரி 1873. இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களின் நூற்றாண்டு மலர்களிலும் பரிசளிப்பு மலர்களிலும், வாழ்த்துச் செய்திகளையெல்லாம் தாண்டிப் போனால், பழைய ஆசிரியர் ஒருவர் ஊரைப் பற்றி எழுதிய கட்டுரை இருக்கும். எந்த வீதி எப்போது தாரிட்டது, எந்தப் புயலில் எந்தக் கூரை போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். கோயில் கும்பாபிசேக மலர்களும் அப்படித்தான். 1978 நவம்பர் சூறாவளியைப் பற்றி ஊர் ஊராக யார் எழுதி வைத்தார்கள் என்று கேட்டால் நான் இந்த மலர்களைத்தான் காட்டுவேன்.

சரி, பக்கம் கிடைத்துவிட்டது, ஆனால் படமாக இருக்கிறது. இனிக் கையால் தட்டத் தேவையில்லை. கூகுள் டிரைவில் அந்தப் படத்தை ஏற்றி, வலது பக்கச் சொடுக்கில் கூகுள் டொக்ஸில் திற என்று கொடுத்தால், படத்துக்குக் கீழே எழுத்து வந்து நிற்கும். நல்ல அச்சென்றால் திருத்த வேண்டியது கொஞ்சம்தான். பழைய அச்சில் தடுமாறும். தமிழ்நாடு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள், அதாவது கொம்பு முளைத்த லையும் னையும், சுழித்த ணாவும் றாவும் வருகிற பக்கங்களில் என்னவெல்லாமோ எழுதும். அதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான். ஒரே புத்தகத்தில் அது ஒரே பிழையைத்தான் திரும்பத் திரும்ப விடும். முதல் நாலைந்து பக்கத்தைப் பொறுமையாகத் திருத்தி, எந்த எழுத்தை எதுவாக மாற்றுகிறது என்று ஒரு துண்டில் குறித்துக்கொண்டு, மிச்சத்தைக் கண்டுபிடி-மாற்று வசதியால் ஒரேயடியாக மாற்றிவிடலாம். பத்தி பிரிந்த பக்கங்களை, பத்திரிகையை எல்லாம், பத்தி பத்தியாக வெட்டி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பத்தியையும் குறுக்கே சேர்த்து வாசித்துப் புதுவிதமான பின்நவீனத்துவக் கவிதை எழுதித் தரும்.

ஆங்கிலக் கட்டுரைகளுக்கு கூகுள் ஸ்கொலர். 2004இல் வந்தது, இன்னும் இலவசம். காசு கேட்கும் பக்கத்தைக் கண்டதும் பிள்ளைகள் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். கட்டுரையின் கீழே எல்லாப் பதிப்புகளும் என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். அதைச் சொடுக்கினால் எழுதியவரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் போட்டு வைத்த பிரதி பல நேரம் கிடைக்கும். அன்பேவோல் என்ற நீட்சியை உலாவியில் போட்டால் அதுவே தேடிக் காட்டும். ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியமான ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு ஒன்று திறந்தால் மாதத்துக்கு 100 கட்டுரை வரை திரையில் வாசிக்கலாம். இலங்கை ஆய்விதழ்களுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன். இவ்வளவும் போதும்.

ஒரு கட்டுரை கிடைத்தால் அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்ற வரியையும் பாருங்கள். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1969இலிருந்து அக்கரைப்பற்றில் இருந்து ஆய்வு செய்தவர். தாய்வழிக் குடி, கோயில் உரிமை, தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிற வாழ்க்கை பற்றியெல்லாம் எழுதியிருக்கிறார். அவரைப் பிடித்துக்கொண்டு அந்த வரியைச் சொடுக்கினால், கிழக்கைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய முக்கால்வாசிப் பேர் வரிசையாக வந்து நிற்பார்கள்.

சமீபத்தில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோசத்தைத் தந்தது ஒல்லாந்தர் காகிதங்கள். ஒல்லாந்தக் கடற்தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக்கு வந்து இறங்கியது 1602இல். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பனி எழுதிய கடிதமும் கணக்கும் நெதர்லாந்து ஆவணக் காப்பகத்தில் மலைபோல் கிடக்கின்றன. அவற்றில் சுமார் 50 இலட்சம் பக்கங்களை, கையெழுத்தை வாசிக்கும் மென்பொருளால் எழுத்தாக்கி, குளோபலைஸ் என்ற திட்டம் தேடக்கூடியதாகப் போட்டிருக்கிறது. புளியந்தீவில் இருக்கிற வீட்டின் விறாந்தையில் உட்கார்ந்துகொண்டு அதற்குள் ஊர்ப் பெயரை அடித்துப் பார்க்கலாம். ஒரே எழுத்துக்கூட்டலை நம்பக் கூடாது. எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதை மென்பொருள் தனக்குத் தெரிந்தபடி வாசித்திருக்கும். ஒற்றைத் த, இரட்டைத் த, கடைசியில் ஓ, ஆ என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். கிடைத்த பக்கத்தை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் பழைய டச்சு ஓரளவு புரியும். நெல், யானை, உடன்படிக்கை, சண்டை என்று என்ன பற்றிய பக்கம் என்பதாவது விளங்கும். அதை வைத்து முடிவு எதுவும் எழுத முடியாது, ஆனால் எந்தப் பக்கத்தை டச்சு தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்துவிடும். முன்பெல்லாம் இதற்கே விமான ரிக்கட் எடுக்க வேண்டியிருந்தது.

எழுத்தை விட்டு நிலத்துக்கு வந்தால், கூகுள் ஏர்த்தில் கடிகாரப் படம் ஒன்று இருக்கிறது. அதைச் சொடுக்கினால் பழைய செய்மதிப் படங்களுக்குப் பின்னோக்கிப் போகலாம். பாலமீன்மடு முகத்துவாரம் திறந்து கிடப்பதும் மண் மூடிக் கிடப்பதும் வருடம் வருடமாகத் தெரியும். வாவி ஓரத்துக் கண்டல் எங்கே குறைந்தது, எங்கே புதுக் கூரை முளைத்தது என்பதும் தெரியும். புவியியல் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? எல்லாரும் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பின்ஸ்ட்ரீட்மெப்பும் இருக்கிறது. 2010களின் தொடக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்து செய்த ஒரு வேலையில், மட்டக்களப்பு நகரம் அடங்கும் மண்முனை வடக்கில் கட்டடம் கட்டடமாக வரைபடத்தில் ஏற்றினார்கள். அதனால் நம்ம நகரம் அதில் பல ஊர்களைவிடத் துல்லியமாக இருக்கிறது. வரைந்ததை இலவசமாக இறக்கித் தன் ஆய்வில் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது.

மின்வெட்டுக் காலத்தில் கைகொடுத்தது கிவிக்ஸ் என்ற செயலி. 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். போன் கோபுரத்தில் பற்றரி இறங்கினால் சிக்னலும் போய்விடும். கிவிக்ஸில் தமிழ் விக்கிபீடியா முழுவதையும் ஒரு கோப்பாகப் போனில் இறக்கி வைத்திருந்தேன். நெற்றும் வேண்டாம், ரீலோடும் வேண்டாம். இப்போதும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

படித்ததைச் சேர்த்து வைக்க சொட்டேரோ. இலவசம், 2006இலிருந்து இருக்கிறது. தமிழர் பெயரை அதற்குள் போடுவதுதான் தலையிடி. முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி கேட்கும். நமக்கு இருப்பது தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும். மாற்றிப் போட்டால் உசாத்துணையில் அப்பாவின் பெயரில் மகன் வந்து நிற்பார். பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் இரண்டு பெட்டியும் ஒன்றாகிவிடும். அதற்குள் புள்ளி முதலெழுத்தோடு முழுப் பெயரையும் அப்படியே போட்டுவிடுங்கள். மேற்பார்வையாளர் ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

செத்துப்போன தளங்களுக்கு, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின். இலவசமாக இணையப் பக்கம் கட்ட இடம் தந்த ஜியோசிற்றீஸை 2009இல் மூடியபோது ஈழத்தவர்கள் அதில் கட்டி வைத்திருந்த ஊர்ப் பக்கங்களும் சேர்ந்து போயின. அவற்றில் சில இன்னமும் வேபேக்கில் உயிரோடு இருக்கின்றன. திறந்தால் மறுபடியும் பழைய எழுத்துருக் குப்பைதான், மேலே சொன்ன மாற்றி அங்கேயும் வேலை செய்யும். நான் மேற்கோள் காட்டும் எந்தப் பக்கத்தையும் இப்போது அங்கே சேமித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இப்போது எல்லாரும் கேட்பது செயற்கை நுண்ணறிவைப் பற்றி. கூத்துப் பற்றி நல்ல புத்தகம் சொல் என்று கேட்டால் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் போட்டு அழகாக ஒரு பட்டியல் தரும். அதில் இல்லாத புத்தகமும் இருக்கும். ஒரு பிள்ளை அப்படியொரு நூலைத் தேடிக் கல்முனையிலிருந்து யாழ்ப்பாணம் வரை போன் பண்ணியது. பட்டியல் கேட்க அதனிடம் போகாதீர்கள். வாசித்த டச்சுப் பக்கத்தை விளக்கச் சொல்லுங்கள், எழுத்தாக்கிய பக்கத்தில் பிழையாகத் தெரியும் சொற்களைக் காட்டச் சொல்லுங்கள். மூலம் பக்கத்தில் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு அதைவிடப் பயன்பட்டது குரலால் தட்டுவது. போன் விசைப்பலகையில் இலங்கைத் தமிழ் என்று ஒரு தெரிவே இருக்கிறது. ஆனால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பேசிய பதிவை நேரே அதற்குக் கொடுத்தால் ஒன்றும் தேறாது. அவர் பேச்சின் வேகம், நடுவில் வரும் தாளம், பின்னால் கொக்கரிக்கும் கோழி எல்லாம் சேர்ந்து அது திணறிவிடும். நான் செய்வது, காதில் இயர்போனை மாட்டி, பதிவை ஒரு வரி கேட்டு நிறுத்தி, அதே வரியை நானே நிறுத்தி நிதானமாகப் போனுக்குச் சொல்வது. என் குரல் அதற்குப் பழகிவிட்டது. "இரிக்கு" என்று அவர் சொன்னதை அது "இருக்கு" என்று எழுதும். அதைத் திரும்பத் திருத்த வேண்டும், அவர் சொன்னது அவர் சொன்னபடியே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனாலும் கையால் தட்டுவதைவிட எவ்வளவோ வேகம்.

கொப்பிகளை ஸ்கேன் செய்யப் பெரிய இயந்திரம் வேண்டாம். போன் போதும். யன்னலோரம், வெயில் நேரே படாத இடம், கீழே கறுப்புத் துணி, பக்கத்தோடு ஒரு அடிமட்டம். பேனா மை மங்கிய பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும் தெரிவில் எடுக்காதீர்கள், மங்கிய எழுத்து முழுசாகவே மறைந்துவிடும். வர்ணத்திலேயே எடுங்கள். கோப்புப் பெயரில் ஊர், கூத்தின் பெயர், பக்க எண் மூன்றும் தமிழிலேயே இருக்கட்டும்.

இதை எல்லாம் எங்கே ஏற்றுவது என்பதில்தான் இழுபறி வரும். கூத்துக் கொப்பி என்றால் அண்ணாவியார்கள் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று. கண்ணகி கோயில் ஏடு அப்படியில்லை. வைகாசிச் சடங்கில் மட்டும் அவிழ்க்கிற கட்டு அது. போன வருடம் அந்தக் கோயில் பூசகரான கட்டாடியார் ஒருவரிடம் கேட்டேன். "படம் எடுங்க தம்பி, பூச்சி அரிக்கிறதுக்கு முந்தி எடுக்கத்தான் வேணும். ஆனா ஊருக்கெல்லாம் காட்டப்படா" என்றார். எடுத்த படங்கள் இரண்டு டிஸ்கில் இருக்கின்றன. ஒன்று கோயில் பெட்டகத்தில், மற்றது என்னிடம். திருவிழாப் பற்றியும் குடிகளின் உரிமை பற்றியும் எழுதிய பக்கங்களை மட்டும் வெளியிட அவர் ஓம் சொன்னார். அவற்றை நூலகத்துக்குக் கொடுத்தாயிற்று. மிச்சத்துக்கு ஒரு பட்டியல் மட்டும் போடலாமா, ஏடு இன்ன கோயிலில் இருக்கிறது, இத்தனை ஓலை, பார்க்க வேண்டுமென்றால் இன்னாரைக் கேட்கவும் என்று எழுதி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாரோடு பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.